பாதித் தோட்டம் ஆண் பப்பாளி ஆகிவிட்டது, விதை கெட்டதா?

கேள்வி: வீட்டில் நன்றாகக் காய்த்த கோ.2 பப்பாளிப் பழத்திலிருந்து விதை எடுத்து, குழிக்கு ஒரு கன்றாக 300 கன்று நட்டேன். பூ வந்ததும் பார்த்தால் 140 ஆண் மரம். விதையில் கோளாறா? ஆண் மரத்தின் தலையைக் கிள்ளினால் பெண்ணாக மாறுமாமே, செய்யலாமா?

பதில்: வணக்கம் அண்ணா. விதையில் ஒரு கோளாறும் இல்லை, தாய் மரத்தின் மேலும் பழி போடாதீர்கள். கோ.2 ரகத்தில் ஆண் தனி, பெண் தனி. பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் பெண் மரத்துக்கு எக்ஸ் எக்ஸ், ஆண் மரத்துக்கு எக்ஸ் ஒய், மனிதர்களுக்கு இருப்பது போலவேதான். தாய் எப்போதும் எக்ஸ் மட்டுமே தரும், ஆண் மரத்தின் மகரந்தத்தில் பாதி எக்ஸ், பாதி ஒய், அதனால் விதையில் பாதி ஆணாகத்தான் முளைக்கும். (வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.) சறுக்கியது குழிக்கு ஒரே கன்று வைத்ததில்தான். மூன்று கன்று வைத்திருந்தால் மூன்றுமே ஆணாகப் போவது எட்டில் ஒரு குழியில்தான், மற்றக் குழிகளில் பூ வந்த பிறகு ஒரு பெண்ணை நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பிடுங்கிவிடலாம்.

தலையைக் கிள்ளுவது, தண்டில் ஆணி அடிப்பது எதுவும் வேண்டாம். சில ஆண் மரங்களில் பருவநிலை மாறும்போது நீண்ட பூக்காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காய் தானாகவே தொங்கும், கிள்ளிய நேரத்தில் அது நடந்துவிட்டால் கிள்ளியதால் மாறியது என்று பேச்சு பரவிவிடுகிறது. ஒய் எங்கேயும் போகாது. கறுப்பு விதை பெண், வெளுத்த விதை ஆண் என்று பிரிப்பதும் அப்படித்தான், நம்பாதீர்கள்.

இப்போது 20 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். உங்கள் 160 பெண்ணுக்கு எட்டு ஆண் மரத்தைத் தோட்டம் முழுக்கப் பரவலாக விட்டுவிட்டு, மற்றதை இந்த வாரமே வெட்டிவிடுங்கள், தண்ணீரும் உரமும் வீணாகப் போகிறது. காலிக் குழியில் புதுக் கன்று வைத்தால் பெரிய மரத்தின் நிழலில் மெலிந்துதான் வரும். நான் என்றால் அந்த இடத்தில் வெங்காயமோ கொத்தவரையோ போட்டுவிடுவேன். பூசணி, வெள்ளரி மட்டும் வேண்டாம், பப்பாளியைத் தாக்கும் வளையப்புள்ளி நச்சுயிரி அதிலும் தங்கும்.

அடுத்த நடவுக்கு கோ.7 பாருங்கள். அதில் தனி ஆண் மரம் கிடையாது, பெண்ணும் இருபால் மரமும்தான், இரண்டுமே காய்க்கும். இருபால் மரத்தின் ஒய் கொஞ்சம் வேறு வகை. இருபால் மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்தால், இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைப்பதில்லை, நாலில் ஒரு பங்கு அப்படியே அழிந்துபோகும், பிழைத்ததில் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். இந்தக் கணக்கை 1938-இல் தென்னாப்பிரிக்காவில் ஹாஃப்மெயரும் ஹவாயில் ஸ்டோரியும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கும் வயலில் அதேதான் வருகிறது.

அதிலும் விதை சொந்தமாக எடுப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கோ.2 ஆண் மரம் இருந்தால் அதன் மகரந்தம் உங்கள் கோ.7 பூவில் விழுந்து, மறுபடியும் ஆண் கன்று முளைக்கும். அதனால் நல்ல இருபால் மரமாக நாலைந்தைத் தேர்ந்து, மொக்கு விரிவதற்கு முந்தின நாளே காகித உறை போட்டு, பிஞ்சு பிடித்ததும் உறையை எடுத்துவிட்டு அந்தக் காயில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டிவிடுங்கள்.