மாடல் செட் வேண்டாம், மழையை அளக்கச் சொல்லுங்கள்

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பே சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். ஒருவர் மாடல் செட் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஆசிரியை, திருவாரூர்

வாங்காதீர்கள். அந்த செட்டைப் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன். தெர்மாகோல் உருண்டை, அதில் ஓர் ஓட்டை, பக்கத்தில் 'ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வந்து பூமி சூடாகிறது' என்று அட்டை. சுத்தத் தப்பு. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்துச் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஓசோன் சங்கதி வேறு. அதே செட்டில் டம்ளர் தண்ணீரில் ஐஸ்கட்டியை மிதக்கவிட்டு 'கடல் மட்டம் உயர்கிறது' என்பார்கள். மிதக்கிற ஐஸ் உருகினால் டம்ளரில் மட்டம் ஏறாது. உள்ளே தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் கல்லை வைத்து, அதன்மேல் ஐஸை வையுங்கள், ஏறும். கிரீன்லாந்தில் நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகுவது அப்படித்தான். விற்க வருபவருக்குக் கமிஷன்தான் கணக்கு, இதெல்லாம் அவருக்கு எதற்கு?

காசில்லாமல் மழையை அளக்கலாம். பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறியுங்கள். மரம், கூரைக்குத் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவு பார்க்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான்.

வெட்டிய மேல்பகுதிக்குப் பதில் வீட்டுப் புனலை வைத்தால் மட்டும் கணக்கு மாறும். புனல் வாயின் விட்டம் பாட்டிலைப் போல இரண்டு மடங்கு என்றால், பரப்பு நான்கு மடங்கு. பாட்டிலில் 40 மி.மீ. நின்றால் பெய்தது 10 மி.மீ.தான். பிள்ளைகள் இரண்டால் வகுத்து 20 என்று எழுதிவிடுவார்கள். விட்டத்தை நீங்களே ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

ஒரு பருவத்து அளவை வைத்து 'பருவநிலை மாறிவிட்டது' என்று எழுதவிடாதீர்கள். அதைச் சொல்ல 30 ஆண்டுச் சராசரியாவது வேண்டும். தாலுகா அலுவலகத்தில் பழைய மழைப் பதிவு கேளுங்கள். கடிதம் கொண்டு வா, மேலே கேள் என்று அலைக்கழிப்பார்கள், விடாதீர்கள். செயல்திட்டத்தை ஜூலையில் இரண்டே வாரத்தில் முடித்துப் போட்டோ அனுப்பச் சொல்பவர்களுக்கு, டெல்டாவில் மழை அக்டோபரில்தான் வலுக்கும் என்பதை யார் சொல்வது? கேட்டால் வெறும் பாட்டிலைப் படமெடுத்து அனுப்புங்கள், அளவெடுப்பதை டிசம்பர் வரை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், மழை பெய்யாத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதச் சொல்லுங்கள். காலியாக விட்டால், மழை இல்லையா, அளக்க மறந்தார்களா என்று தெரியாது.