பட்டன் போனுக்கு எதற்கு தினம் ஒன்றரை ஜிபி?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. பட்டன் போன்தான், பேசுவதற்கு மட்டும். கடையில் ஒவ்வொரு முறையும் 28 நாள் டேட்டா பேக்கையே போட்டு அனுப்புகிறார்கள். வேறு வழி இல்லையா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக்கைத் தனியாகத் தந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி கொண்டுவந்தது. கடையில் "ரீசார்ஜ் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் வழக்கமான பேக்கைத்தான் போடுவார்கள். "நெட் இல்லாத பேக், 84 நாள்" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

விலையைப் பார்க்காதீர்கள், நாள் கணக்கைப் பாருங்கள். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை. அது 299 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு, வருடத்துக்கு 3,887 ரூபாய். 84 நாளுக்கு 469 ரூபாய் என்றால் நாளுக்கு 5 ரூபாய் 58 காசு. ஏறக்குறைய பாதிச் செலவு மிச்சம். நிறுவனங்கள் விலையை மாற்றிக்கொண்டே இருப்பதால், போடும் நாளில் இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை செய்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது; அதற்கு 4ஜி போன் வேண்டும். அடுத்து, வேலிடிட்டி முடிந்ததும் முதலில் வெளியே பேச முடியாமல் போகும். சில நாள் கழித்து உள்ளே வரும் அழைப்பும் நிற்கும், பேங்க் ஓ.டி.பி.யும் வராது. பென்ஷன் கணக்கோடு இணைந்த எண் என்றால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி: தினம் 1.5 ஜிபி பேக். மகளுக்குச் சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது. பெரிய பேக் போடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: போடும் முன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜைத் திறந்து எந்த ஆப் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பாடம் குற்றவாளி அல்ல. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோ தானாக டவுன்லோடு ஆவதும், பிளே ஸ்டோர் அப்டேட்டும்தான். இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றி, பாட வீடியோவை 480பி-யில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்தும் போதவில்லை என்றால் 2 ஜிபி பேக்குக்குப் போகலாம். "அன்லிமிடெட் 5ஜி" என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கட்டாதீர்கள்: போனும் 5ஜி, வீட்டில் கிடைக்கும் சிக்னலும் 5ஜி என்றால்தான் அது பயன்படும்.

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் சிக்னல் சரியில்லை. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவது எப்படி?
– வாசகர், அணைக்கட்டு வட்டம்

பதில்: மலையடிவாரத்தில் தெருவுக்குத் தெரு சிக்னல் மாறும். அதனால் மாறப்போகும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் யாரையாவது அழைத்து, உங்கள் வீட்டுக்குள்ளேயே, இரவு எட்டு மணிவாக்கில் பேசிப் பாருங்கள். பகலில் வாசலில் பார்ப்பது போதாது.

பிறகு PORT என டைப் செய்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். பேக்கில் எஸ்.எம்.எஸ் இல்லாவிட்டாலும் இதற்கு வழி தர வேண்டும் என்பது டிராய் உத்தரவு. எட்டு எழுத்துக் குறியீடு வரும். நம் பக்கம் அதற்கு 4 நாள்தான் ஆயுள். அதையும் ஆதாரையும் கொண்டுபோய் புதிய சிம் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும். அதுவரை பழைய சிம்மைக் கழற்றாதீர்கள்.

விண்ணப்பம் தள்ளுபடியாக வழக்கமான காரணங்கள்: இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகாதது, போஸ்ட்பெய்டு பில் பாக்கி. சிம் தொலைந்து புதிதாக வாங்கியிருந்தால் 7 நாள் வரை குறியீடே வராது. பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பணமும் வேலிடிட்டியும் கூட வராது என்பதால், பேக் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள்.