மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக் போட்டால் நன்றாகப் பிடிக்குமா?

1959 மொறிஸ் மைனர் கார், முதல் மிதியில் பெடல் கீழே போகிறது, இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறது, டிஸ்க் (சில்லோடு சுற்றும் தகட்டை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பிறேக்) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் மிதியில் பெடல் உயருகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூ, சில்லோடு சுற்றும் டிறம்மிலிருந்து விலகி நிற்கிறது. அதை ஒரு ஸ்குறூட்ரைவரால் சரிசெய்யலாம்.

சில்லைத் தூக்கி, டிறம்மில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரை வலப்பக்கம் இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்னால் விடுங்கள். பின்சில்லில் அட்ஜஸ்டர் ஒன்றுதான், முன்சில்லில் இரண்டு. அந்த இரண்டாவதைத் தொடாமலே வேலை முடிந்தது என்பவர்கள் அதிகம். அதன் பிறகும் பெடல் பஞ்சுபோல் இருந்தால் பிறேக் குழாயில் காற்று நிற்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கினால், எங்கும் பிறேக் ஒயில் ஒழுகாவிட்டால், பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது.

மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சேஸிக்குள் இருக்கிறது. அதைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் வெளியே இழுக்க விடாமல் டோர்ஷன் பார் (முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) குறுக்கே நிற்கும்; பாரை நகர்த்தித்தான் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கத்தால் விட்டு, நட் பார் பக்கம் வரும்படி போடுங்கள். அடுத்த முறை பாரைத் தொட வேண்டியதில்லை. பெடலின் தள்ளு கம்பிக்கும் மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போகும் வழி மூடிக்கொண்டு, ஓட ஓடப் பிறேக் தானாக இறுகும். தரைத் தகட்டில் ஒயில் பார்ப்பதற்கென்றே உள்ள மூடியைத் தகர வேலையில் பற்றவைத்து அடைத்துவிடுகிறார்களே, அதை மன்னிக்கவே முடியாது. வருடக்கணக்காக ஒயில் அளவைப் பார்க்க முடியாமல் ஓடும் கார்கள் அவை.

இதெல்லாம் சரியான பிறகும் போதாது என்றால், முதலில் 8 அங்குல முன்டிறம். 1962 கடைசியில் வந்த 1098 சீசீ மைனரில் இருப்பது அது. உங்களுடையது 7 அங்குலம். பின்தகடு, ஷூ, சில்லுச் சிலிண்டர்கள், டிறம் எல்லாம் சோடியாக வேண்டும். பழைய காரில் அப்படியே பூட்டலாம். இடம் வலம் மாறக் கூடாது. முன்னோக்கி ஓடும்போது டிறம் இரண்டு ஷூவையும் தன்னோடு இழுத்து இறுக்குவதில்தான் இதன் பலமே இருக்கிறது. மாற்றிப் பூட்டினால் பிறேக் ரிவேர்ஸில் மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

டிஸ்க் போட்டவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நுவரெலியாவிலிருந்து நீண்ட இறக்கத்தில் டிறம் சூடேறிப் பிடி விடும், டிஸ்க் எளிதில் விடாது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் அந்தப் பிரச்சினையே வராது. ஆனால் டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இறுக்கும் குணம் கிடையாது. அதனால் பெடல் கல்லாகும், மிதிக்குக் கைகொடுக்கும் சேர்வோ என்ற கருவி பெரும்பாலும் தேவைப்படும். சேர்வோ காலின் பாரத்தைத்தான் குறைக்கும், பெடலின் ஆழத்தை அல்ல. டிறம்முக்காகக் குழாயில் சிறு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் இருக்கிறது. முன்சில்லுக் குழாயில் அந்த அழுத்தம் நின்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் அதை உரசிக்கொண்டே ஓடி, சில்லில் கைவைக்க முடியாத சூடு வரும்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது, ஜப்பான் எஞ்சினை ஏற்றிவிட்டு 7 அங்குல டிறம்மோடு வேகம் காட்டுபவர்கள் மேல்தான். பெயின்டுக்கும் குரோமுக்கும் காசு இருக்கிறது, பிறேக் ஒயில் போகும் மூன்று றப்பர் ஹோஸுக்கு இல்லை.

அந்த ஹோஸ்களை, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, டிறம்மோ டிஸ்க்கோ எந்த வழியில் போனாலும் மாற்றுங்கள். பழசானால் உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாது. காலை எடுத்த பிறகும் சில்லு பிடித்தபடியே நிற்கும். பிறேக் ஒயில் டொட் 4 தரம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள், எல்லா றப்பரும் ஊதிக் கெட்டுவிடும்.