ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நின்றுபோகும் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய 17 அடிப் படகு வாங்கினேன். 60 குதிரைத்திறன், 2-ஸ்ட்ரோக், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள எஞ்சின். மெதுவாகப் போனால் குறையில்லை. உபின் தீவுப் பக்கம் முழு வேகம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (பொங்கோல்)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சற்றுப் பொறுத்தால் சரியாகிறது என்றால், எஞ்சின் கேட்கும் வேகத்தில் பெட்ரோல் வந்து சேரவில்லை. முதலில் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் நின்றதும் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் கோளாறு அங்கேதான். செலவு ஒரு காசும் இல்லை.

அடுத்து, பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்ப். ஓடும்போது அது சப்பிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு. சப்பாமல் இருந்தால், எஞ்சின் திணறும்போது கூட வருபவரை பல்பை அமுக்கச் சொல்லுங்கள். உடனே தேறிக்கொண்டால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) தளர்ந்திருக்கலாம், இல்லை குழாய் இணைப்பில் காற்று புகலாம். இணைப்பிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நம் வெயிலில் காய்ந்து வெடிப்பது சகஜம்.

இன்னும் சந்தேகமா? சிறிய டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றி, புதுக் குழாயோடு நேரே எஞ்சினில் மாட்டி ஓட்டுங்கள். கையேடு 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி 2-ஸ்ட்ரோக் ஆயில். முழு வேகத்தில் ஒழுங்காக ஓடினால் எஞ்சினில் பழுதில்லை, படகின் டேங்க், குழாய், ஃபில்டர் இவற்றில்தான் பழுது. அதுவரை சிங்கப்பூரின் தென் தீவுகள் பக்கம் போகவேண்டாம். கப்பல் போகும் தடத்தில் எஞ்சின் நின்றால் விளையாட்டல்ல.

கேள்வி: பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்தேன். இப்போது ஐடிலில் (வேகம் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டால்) குலுங்குகிறது, வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது. (சாங்கி)

பதில்: உங்களுக்குத்தான் கார்புரேட்டர் வேலை. நாள்பட்ட பெட்ரோல் பிசின்போல் படிந்து, மெல்லிய ஐடில் ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளை) முதலில் அடைக்கும். பெரிய ஜெட் தப்பிவிடுவதால் வேகத்தில் குறை தெரியாது. கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக உருள்வது தண்ணீர். பாதி காலியான டேங்கின் உட்சுவர் நம் ஈரக்காற்றில் வியர்க்கும். தண்ணீர் இருந்தால் டேங்கைக் காலிசெய்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஜெட்டைக் கழற்றி கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

கேள்வி: எஞ்சினைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வெறுமனே சொட்டுகிறது. (பாசிர் ரிஸ்)

பதில்: உடனே நிறுத்துங்கள். எஞ்சின் நின்றபின் துவாரத்தில் தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள். உப்போ குளவிக்கூடோ இருக்கும். அடைப்பில்லையென்றால் இம்பெல்லரை (தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர்ச் சக்கரம்) மாற்றுங்கள். கடல் வற்றும் நேரத்தில் சேறு இழுத்த இம்பெல்லர் நீடிக்காது. கழற்றும்போது இறக்கை ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலே போய்த் தண்ணீர்ப் பாதையை அடைக்கும்.

கேள்வி: ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) எகிறுகிறது, படகு நகர மறுக்கிறது. (துவாஸ்)

பதில்: புரொபெல்லருக்குள் இருக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறதா பாருங்கள். நடுக் குழலிலிருந்து வெளி உடல்வரை ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் ஒருமுறை முழு விசையில் ஓட்டுங்கள். கோடு விலகியிருந்தால் ஹப் போய்விட்டது. விலகவில்லையென்றால் இறக்கை நெளிந்திருக்கிறதா பாருங்கள். ஆர்பிஎம்மே ஏறாமல் படகு மந்தமாக இருந்தால் அது வேறு கதை: அடியில் சிப்பியும் பாசியும் மண்டியிருக்கும்.

கேள்வி: வாங்க நினைக்கும் 3 சிலிண்டர் எஞ்சினில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) 112, 110, 70 பிஎஸ்ஐ. ‘டியூனிங் செய்தால் போதும்’ என்கிறார் விற்பவர். (ஈசூன்)

பதில்: போதாது. சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதம்வரை வித்தியாசம் இருந்தால் தாங்கலாம், இது எங்கேயோ போய்விட்டது. அளந்தது சரியா என்று மட்டும் பாருங்கள்: எல்லா பிளக்கும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, திராட்டில் முழுக்கத் திறந்து, பேட்டரி நிறைந்த நிலையில் எடுக்கவேண்டும். அப்போதும் 70 என்றால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ பழுது. எதுவானாலும் எஞ்சினைப் பிரித்தாகவேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்க ஒப்புக்கொண்டால் பேசுங்கள். கியர் ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதைத் தடுக்கும் சீலும் போயிருக்கிறது.