மனச்சிதைவு நோயாளிகள் குடியையும் பீடியையும் ஏன் விடுவதில்லை?

கடலூரில் இருக்கும் உங்கள் அண்ணன் மாத்திரை போட்டும் பாண்டிக்குப் போய்க் குடிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

திமிர் என்று நினைக்காதீர்கள். காதில் கேட்கும் குரல் அடங்க, தூக்கம் வர என்று பலர் காரணம் சொல்வார்கள். அது பாதிதான். வேலையில்லாத நீண்ட பகலும், பேச ஆளில்லாததும் மீதி. குடித்த அன்று பயந்துகொண்டு மாத்திரையை விடுவதும் பல சமயம் நோயைத் திருப்பிக் கொண்டுவருகிறது. தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

யாரும் கவனிக்காதது பீடி. நிகோடின் அல்ல, புகைதான் மனச்சிதைவுக்குத் தரும் ஒலான்சபின், குளோசபின் மருந்துகளைக் கல்லீரலில் சீக்கிரம் சிதைக்கிறது. வார்டில் சேர்த்துப் பீடி நின்றால், ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். குளோசபின் என்றால் அசதி, எச்சில் வடிதல், வலிப்புகூட வரலாம். பீடியை விட்டாலும் மறுபடி பிடித்தாலும் டாக்டருக்குத் தெரியவேண்டும்.

தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். கைநடுக்கமும் வேர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றல். நோய் முற்றிவிட்டது என்று தப்பாக நினைப்பீர்கள், அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.