பிடித்த பாட்டு மட்டும்

அன்புள்ள சார்,

என்னிடம் ஏறக்குறைய 600 சிடிக்கள் இருக்கின்றன. பல வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இப்போது நான் பாட்டு கேட்பதெல்லாம் போனில், ஸ்ட்ரீமிங்கில்தான். அலமாரியை அடைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எனக்குப் பிடித்த இரண்டு மூன்று பாட்டுகளை மட்டும் ரிப் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, சிடிக்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சந்தா கட்டினால் எல்லாமே கிடைக்கிறபோது அதுகூட வீண் வேலையோ என்றும் தோன்றுகிறது. ஒவ்வொரு சிடியாகப் போட்டு உட்கார எனக்கு நேரமும் இல்லை. ரிப் செய்வதா, வேண்டாமா? செய்தால் எம்பி3 போதுமா? ஒலித்தரத்தில் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? இப்படி நகல் எடுப்பது சட்டப்படி சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை முதலில் ஒதுக்கித்தான் வைத்தேன். இந்தக் கேள்விகளுக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறீர்கள், ‘பிடித்த இரண்டு மூன்று பாட்டுகளை மட்டும்’ என்று. கொஞ்ச நாளாக இதே விஷயத்துக்காக மனதுக்குள் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிராளிக்கு முகம் இல்லாமல் இருந்தது. வசமாக வந்து மாட்டியிருக்கிறீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

எம்பி3 வேண்டாம், ஃபிளாக் போதும். ஒலியைச் சுருக்கிச் சேமிக்க 2001இல் வெளிவந்த முறை, இலவசம். சிடியில் இருப்பது ஒரு பிட்கூடக் குறையாமல் பெரும்பாலும் பாதியிலிருந்து முக்கால்வாசி இடத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் 600 சிடியும் சேர்ந்து சுமார் 200 ஜிபி, கூடிப்போனால் 250. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலை. எம்பி3 தேவைப்பட்டால் ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்த ஒலியில் கொஞ்சத்தை வெட்டிவிடும், அப்படிப் போனது போனதுதான்.

ஒலித்தரத்தை விடுங்கள். சிடி என்றால் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதியது. ஆப்பிள் மியூசிக் 2021இலும் ஸ்பாட்டிஃபை 2025இலும் அந்தத் தரத்தைத் தர ஆரம்பித்துவிட்டன. ‘சிடி மாதிரி வருமா’ என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வேறு காரணம் தேட வேண்டியதுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். 2015 ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் ரிப் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் நாட்டில் என்ன சட்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சிடியை அடுத்தவருக்குக் கொடுப்பது, சட்டம் எப்படி இருந்தாலும், தனி அல்பத்தனம். அதைச் செய்யாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘சந்தா கட்டினால் எல்லாமே கிடைக்கிறது’ என்கிறீர்கள். இன்றைக்குக் கிடைக்கிறது. பாடகர் நீல் யங் 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையோடு கோபித்துக்கொண்டு தன் பாட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். 2024இல்தான் திரும்பி வந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கலாம், நடுவில் கேட்பவனுக்கு என்ன கதி? இறக்கி வைத்த பாட்டுகூட, போனை 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் காட்டாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, பெயரும் அட்டைப்படமும் அதேதான் இருக்கும், உள்ளே மட்டும் பதிவை மாற்றியிருப்பார்கள். ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவைப் புதிதாகச் சீர்படுத்தியது, என்று போட்டு எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். மெதுவாகத் தொடங்கி மேலே ஏற வேண்டிய இடம் முதல் நொடியிலேயே உச்சியில் நிற்கும். உங்கள் அலமாரியில் 1980களில் அச்சான சிடி ஒன்று இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் கம்பெனிக்காரன் செய்வது. அவனைத் திட்டுவது சுலபம். நீங்கள் செய்யப்போவது என்ன? 600 சிடியிலிருந்து தலா இரண்டு மூன்று பாட்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடப் போகிறீர்கள். எது ஓடுகிறதோ அதை முன்னால் வை, மற்றதைக் கண்ணில் காட்டாதே என்பதுதான் ஸ்ட்ரீமிங்காரனின் வேலையே. அதே வேலையை நீங்கள் சம்பளம் வாங்காமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே செய்யப்போகிறீர்கள். அவனாவது ஒதுக்கியதை எங்கோ ஒரு மூலையில் வைத்திருப்பான், தேடினால் கிடைக்கும். உங்களிடம் அதுவும் இருக்காது.

என் அண்ணனுக்கு ரிமோட் என்றாலே ஆகாது. பிளேயர் வாங்கிய அன்றே ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டான். சிடி போட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஓடியாக வேண்டும். எழுந்து போய் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற பொத்தானை அமுக்கினால் முதுகில் ஒன்று விழும். அவன் அடிக்கடி போடும் ஒரு ஆல்பத்தில் ஆறாவது வெறும் செல்லோ (வயலின் ஜாதியில் பெரிய வாத்தியம்). பாடல் இல்லை, தாளம் இல்லை, ஒரு ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். ஏழு நிமிடம். அது ஆரம்பித்ததும் எனக்குத் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போதும் முடிந்திருக்காது. நடுவில் ஓரிடத்தில் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும், இதைக்கூடத் துடைக்காமல் என்ன ரெக்கார்டிங் என்று.

இப்போது அந்த ஆல்பத்தில் நான் கேட்பது அந்த ஆறாவதை மட்டும்தான். அந்த மூச்சு வரும் இடத்துக்காகவே சில சமயம் போடுவேன். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ‘அப்பவே சொன்னேனா இல்லையா’ என்று ஆரம்பிப்பான்.

அந்த வயதில் என்னிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்திருப்பேன். அவை இரண்டும் இன்று எனக்குச் சலித்துப்போய்விட்டன. உங்களுக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் சரி, பத்து வருடம் கழித்து என்ன பிடிக்கும் என்று இன்றைக்கே முடிவுகட்டும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? அந்தப் பத்து வருடம் கழித்து வரப்போகிறவருக்கும் அந்த அலமாரியில் பங்கு இருக்கிறது.

அப்புறம், பாட்டு மட்டும்தான் சிடியில் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எத்தனை நொடி மௌனம் என்பதையும் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். சில இடங்களில் மௌனமே கிடையாது. மேடைக் கச்சேரிப் பதிவில் கைத்தட்டல் ஒரு டிராக்கில் ஆரம்பித்து அடுத்த டிராக்கில் முடியும். சிம்ஃபொனியில் ஒரு பகுதி நிற்காமல் அடுத்ததற்குள் போகும். அதில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்தால் ஆரம்பமும் முடிவும் கத்தரித்தது போலத்தான் இருக்கும்.

சில சிடிக்களில் முதல் பாட்டுக்கு முன்னாலேயே ஒன்று ஒளிந்திருக்கும். முதல் பாட்டு தொடங்கியதும் ரிவைண்டை அமுக்கிப் பிடித்தால் பிளேயரின் எண் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸில் பின்னோக்கிப் போகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விட்டால் அங்கிருந்து ஒரு பாட்டு. அட்டையில் அதன் பெயர் இருக்காது. ஸ்ட்ரீமிங் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. ரிப் செய்யும் மென்பொருளிடம் தனியாகச் சொல்லாவிட்டால் அதுவும் விட்டுவிடும். சில டிரைவ்களால் அந்த இடத்தைப் படிக்கவே முடியாது. பிடித்த பாட்டைத் தேடிப் போகிறவர் இதை எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பார்?

அதனால் ரிப் செய்யுங்கள், ஆனால் முழு சிடியாக. இடைவெளிகளைக் குறித்துவைக்கும் கியூ ஷீட்டும் சேர்த்து.

உட்கார நேரமில்லை என்கிறீர்கள். யார் உங்களை உட்காரச் சொன்னது? சிடியைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், முடிந்ததும் அதுவே வெளியே தள்ளும். ஆனால் அவசரமாக எடுக்காதீர்கள். கணினி டேட்டா சிடியில் ஒவ்வொரு 2,352 பைட்டிலும் 2,048தான் டேட்டா, மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்குப் போகிறது. ஆடியோ சிடியில் 2,352ம் இசைக்கே. பிழை திருத்தம் உண்டு, அந்தக் கூடுதல் காவல் மட்டும் கிடையாது. கீறல் ஆழமாக இருந்தால் பிளேயர் முன்னே பின்னே பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடும். கேட்கும்போது பரவாயில்லை, ஃபைலாக எடுக்கும்போது அந்த ஊகமே உங்கள் நிரந்தர நகலாகிவிடும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரியான மென்பொருள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அக்யுரேட்ரிப் என்று ஒன்று, அதே சிடியை மற்றவர்கள் எடுத்த நகலோடு உங்களுடையது ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடும். ஒத்துப்போகாத சிடிக்களை மட்டும் தனியாக எடுத்துவைத்துத் துடைத்து மறுபடி போடுங்கள்.

துடைக்கும்போது கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. படம் அச்சடித்த மேல்பக்கத்தில் மெல்லிய பூச்சுதான், அதற்கு அடியிலேயே உலோகம். அங்கே விழும் கீறலுக்கு மருந்து கிடையாது. ஒரு சிடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. ஓரத்திலிருந்து பழுப்பேறிய சிடி இருந்தால் அதை முதலில் எடுங்கள். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிடிஓ என்ற நிறுவனத்தின் ஆலையில் அச்சான பல சிடிக்கள் அப்படித்தான் போயின. காகிதத்திலிருந்த கந்தகத்தை மேல்பூச்சு தாங்கவில்லை. கூடவே வைத்த புத்தகமே அரித்த கதை.

வீட்டில் சொல்லும் இடப் பிரச்சினை நியாயமானது. இடத்தை அடைப்பது பிளாஸ்டிக் பெட்டிதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சிடியையும் உள்ளிருக்கும் புத்தகத்தையும் மெல்லிய உறையில் அடுக்கினால் அலமாரியில் முக்கால்வாசி காலியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு நகல் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். சிடியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நகலை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஸ்ட்ரீமிங் வேண்டாமா என்பதற்கு நான் பதிலே சொல்லவில்லை இல்லையா? சந்தா கட்டுங்கள், நானும் கட்டுகிறேன். புதிதாக எதையாவது தேடிக் கேட்க அதைவிட வசதி கிடையாது. முதல் சிடியை ரிப் செய்ததும் எழுதுங்கள். அதில் எது உங்களுக்குப் பிடிக்காத பாட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நான் கேட்டுப் பார்க்கிறேன்.