எரிமலை நம் பக்கம் வருமா?

கேள்வி: வங்கக் கடலில் எரிமலை இருக்கிறதாமே? வெடித்தால் தேவனாம்பட்டினத்துக்குச் சாம்பல் வருமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இன்னும் கிழக்கே போக வேண்டும் அம்மா. அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவுதான் அது. நமக்கு 1,500 கி.மீ. தூரம், சாம்பல் பயம் வேண்டாம். பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரும் பாறைத் துண்டுகளால் ஆனது. அதில் இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் இறங்குகிறது. ஆழத்தில் அதிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையை உருக வைக்கிறது. அந்தக் குழம்புதான் மேலே வருகிறது. கடலுக்கு மேல் தெரிவது சுமார் 350 மீட்டர், மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். 1787இல் கக்கியதாகப் பதிவு உண்டு. 1832க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு தூங்கி, 1991இல் எழுந்தது (தீவில் மேய்ந்த ஆடுகள்தான் பாவம்!). அப்புறம் 2005இல் மறுபடி. வீராம்பட்டினத்தில் 2004 சுனாமியைப் பார்த்தவன் நான். அதைக் கிளப்பியது எரிமலை அல்ல. சுமத்ரா பக்கம் அதே தட்டு எல்லையில் வந்த நிலநடுக்கம்.